அத்தையும் நானும் பகல் காட்சியும்

இருட்டில் யாரோ ஒரு பெண் சிரித்துக்கொண்டிருந்தார்.

எனக்கு இரண்டு வரிசை முன்னால், தூண் ஓரமாக. திரையில் கதாநாயகன் தண்ணீரில் விழுந்து தத்தளித்துக்கொண்டிருந்தான். படகுக்காரன் என்று சொல்லி வேலைக்குச் சேர்ந்தவன் அவன். அவனுக்கு நீச்சலே தெரியாது என்பது கதாநாயகிக்கு அந்த நிமிடம்தான் தெரிகிறது. காணாமல் போன அப்பாவைத் தேடித் தீவு தீவாகப் போகிறவள். கோபத்தில் துடுப்பாலேயே அவன் தலையில் ஒன்று வைத்துவிட்டு, அதே துடுப்பை நீட்டி அவனைக் கரைக்கு இழுக்கிறாள்.

கொட்டகை முழுக்கச் சிரித்தது. எல்லாரும் ஓய்ந்த பிறகும் அந்தப் பெண்ணின் சிரிப்பு மட்டும் ஓயவில்லை. மூச்சு வாங்க நிற்கும். முடிந்துவிட்டது என்று நினைக்கும்போது மறுபடி புறப்படும். படத்தை விட்டுவிட்டு அந்தச் சிரிப்பைக் கேட்டே நான் இன்னொரு தரம் சிரித்தேன். யாரோ கொடுத்துவைத்தவர், வீட்டில் ஒரு கவலையும் இருக்காது என்று நினைத்துக்கொண்டேன்.

இடைவேளைக்கு விளக்குப் போட்டார்கள். அந்தப் பெண் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே, முறுக்குக்காரரைத் தேடித் திரும்பினார்.

என் மாமியார்.

எனக்குக் கலியாணமாகி அப்போது மூன்று வருடம். மூன்று வருடத்தில் அவர் சிரித்து நான் கேட்டதில்லை. புன்னகை உண்டு, அதுவும் விருந்தாளிகள் வந்தால். ஆரணியில் பட்டு நெய்கிற எங்கள் தெருவில் பூங்காவனம் அம்மாள் என்றால் கறாரான மனுஷி என்றுதான் பேர்.

அன்று சனிக்கிழமை. பள்ளிக்கூடத்தில் ஸ்பெஷல் கிளாஸ் இருக்கிறது என்று வீட்டில் சொல்லிவிட்டு நான் வந்திருந்தேன். பெரணமல்லூரில் தங்கைக்குக் காய்ச்சல், பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு அத்தை எனக்கு முன்பே கிளம்பியிருந்தார்.

எழுந்து ஓடலாமா என்று யோசித்தேன். அதற்குள் அத்தை முறுக்கை வாங்கிக்கொண்டு நேராக என் வரிசைக்கு வந்து, பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தார்.

"ஸ்பெஷல் கிளாஸ் முடிஞ்சிதா?"

எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ தெரியவில்லை.

"பெரணமல்லூர்ல சித்திக்குக் காய்ச்சல் எப்படி கீது அத்தே?"

அத்தை என்னை ஒரு நிமிடம் பார்த்தார். ஒரு முறுக்கை எடுத்து என் கையில் வைத்தார்.

"அவளுக்கு இன்னா, குண்டுக்கல்லாட்டம் கீறா. படத்தப் பாரு, போட்டுடுவான்."

யாரும் சாகக் கூடாது

போன வாரம் இந்தப் பத்தியில் நான் டீச்சராகச் சேர்ந்த முதல் நாளைப் பற்றி எழுதியபோது, மாமியாருக்குப் பயந்து சீக்கிரம் வீடு திரும்பியதாக ஒரு வரி எழுதியிருந்தேன். பத்திரிகை வந்ததும் அதை அத்தைக்குப் படித்துக் காட்டினேன். அவருக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது, காது நன்றாகக் கேட்கும். "பயந்தத எழுதினியே தவிர, பாக்கிக் கதைய எழுதலியே" என்றார். அவர் சொன்னதால்தான் இந்த வாரம் இதை எழுதுகிறேன். இல்லாவிட்டால் எனக்குத் துணிச்சல் வந்திருக்காது.

அன்று படம் விட்டு வெளியே வந்ததும் அத்தை இரண்டு விஷயம் சொன்னார். வீட்டுக்கு நீ முன்னால் போ, நான் கொஞ்சம் கழித்து வருகிறேன் என்பது ஒன்று. அடுத்த படம் மாற்றினால் நீ பள்ளிக்கூடம் போகிற வழியில் போஸ்டரைப் பார்த்துவந்து சொல் என்பது இன்னொன்று. அவ்வளவுதான். எங்கள் உறவு அன்றைக்கு அந்தக் கொட்டகை வாசலில்தான் ஆரம்பித்தது என்று சொல்ல வேண்டும்.

எல்லாப் படமும் அவருக்குப் பிடித்துவிடாது. அவர் கேட்பது ஒரே வகை. ஆணும் பெண்ணும் முதலில் சண்டை போட வேண்டும். எதையாவது தேடி, அல்லது எவனிடமிருந்தாவது தப்பித்து, இரண்டு பேரும் ஊர் ஊராகப் போக வேண்டும். போகிற வண்டி நட்ட நடுக் காட்டில் நிற்க வேண்டும். துரத்துகிற வில்லன் கொஞ்சம் மக்காக இருந்தால் இன்னும் நல்லது. பாட்டு எத்தனை வந்தாலும் பரவாயில்லை. ஆனால் யாரும் சாகக் கூடாது. இரண்டாம் பாதியில் யாராவது இருமினாலே அத்தைக்குச் சந்தேகம் வந்துவிடும். செருப்பைத் தேட ஆரம்பித்துவிடுவார்.

எனக்கும் அப்படிப்பட்ட படங்கள்தான் பிடிக்கும் என்பது வெளியே சொல்லிக்கொள்ளும்படியான விஷயமாக அப்போது இல்லை. நான் தமிழ் டீச்சர். பள்ளிக்கூடத்தில் மற்ற டீச்சர்கள் மனதை உலுக்குகிற படங்களைப் பற்றிப் பேசுவார்கள். நானும் தலையாட்டுவேன். ஆனால் மனசு என்னவோ ஜீப்பில் மூட்டை முடிச்சோடு மலையேறுகிறவர்கள் பின்னால்தான் போகும். அவன் அவளை நம்புவதில்லை, அவள் அவனை நம்புவதில்லை. பசிக்கிறது, கையில் ஒரே ஒரு வாழைப்பழம்தான் இருக்கிறது. அதை யார் உரிப்பது என்று இருவரும் அடித்துக்கொள்கிறார்கள். அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது உலகத்தில் திருத்த முடியாத தப்பு என்று எதுவுமே இல்லை என்று தோன்றும். அந்த இரண்டரை மணி நேரம் எனக்கு வேண்டியிருந்தது.

அத்தைக்கு ஏன் வேண்டியிருந்தது என்று நான் ஒருமுறை கேட்டேன். அழுகிற படம் பார்க்க மாட்டீர்களா என்று.

"அழுவுறதுக்குக் கொட்டாய்க்கு வேற போவணுமா? அதான் ஊட்லயே கீதே" என்றார்.

படம் பார்க்காத மனிதர்

அத்தை பிறந்தது படவேட்டில். மலை அடிவாரம், ஒரு பஸ்ஸை விட்டால் அடுத்த பஸ்ஸுக்குப் பாதி நாள். ரேணுகாம்பாள் கோயில் திருவிழா சமயத்தில் சந்தவாசலில் கூடாரம் போட்டுப் படம் காட்டுவார்களாம். அண்ணனோடு நடந்தே போய்ப் பார்த்துவிட்டு நடந்தே வந்ததாகச் சொல்வார். கலியாணமாகி ஆரணிக்கு வந்ததும் அவருக்குப் பெரிய ஆச்சரியம், நடந்துபோகிற தூரத்தில் நிரந்தரமாக ஒரு கொட்டகை இருந்தது.

என் மாமனாரை நான் பார்த்ததில்லை. போட்டோவில் பார்த்ததுதான், ஒல்லியாக, காலர் பெரிய சட்டையோடு. கலியாணமான முதல் மாதம் அவர் அத்தையை ஒரு படத்துக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். அதிலும் யாரோ யாரையோ துரத்துகிறார்கள், கழுதை வண்டி ஒன்று குடை சாய்கிறது. அத்தை புதுப்பெண் என்பதை மறந்து சத்தமாகச் சிரித்துவிட்டார். பயந்துபோய்ப் பக்கத்தில் பார்த்தாராம்.

"அந்த மனுசன் படமே பாக்கல. என்னியே பாத்துகினு கீறாரு. நான் பாக்கறேன்னு தெரிஞ்சதும் அந்தாண்ட திரும்பிக்கினாரு. வெளிய வந்ததும், மறுபடி நாளிக்கும் வரலாமான்னு கேக்கறாரு, அதே படத்துக்கு."

இதைச் சொல்லும்போது அத்தை கூடத்தில் ஊடை நூல் சுற்றிக்கொண்டிருந்தார். கை நிற்கவே இல்லை.

என் கணவர் மோகன் எட்டாவது படிக்கும்போது மாமனார் இறந்துபோனார். மூன்று நாள் காய்ச்சல், நான்காம் நாள் இல்லை. அதற்குப் பிறகு அத்தை தறியில் உட்கார்ந்தார். மகனைப் படிக்கவைத்தார். பொட்டைத் துடைத்த பெண் கோயிலுக்குப் போகலாம், ஆஸ்பத்திரிக்குப் போகலாம், சாவுக்குப் போகலாம். காதல் படத்துக்குப் போய்ச் சிரிக்கலாமா என்று யாரும் கேட்டதில்லை. கேட்காமலே எல்லாருக்கும் பதில் தெரியும். அதனால்தான் பெரணமல்லூர் தங்கைக்கு மாதம் ஒருமுறை காய்ச்சல் வந்தது.

இப்போது கையிலிருக்கிற போனிலேயே எல்லாப் படமும் வருகிறது. பிடிக்காவிட்டால் விரலால் தள்ளிவிடலாம். யாருக்கும் பொய் சொல்ல வேண்டியதில்லை. நல்லதுதான். இது அந்த வசதி வருவதற்குச் சில வருடங்கள் முன்பு நடந்த கதை.

நான் செய்த காரியம்

ஒரு வருடத்துக்குமேல் எங்கள் ஏற்பாடு பிசகில்லாமல் நடந்தது. பின்சந்து வழியாகத் தனித்தனியாகப் போவோம், சேர்ந்து உட்காருவோம், தனித்தனியாகத் திரும்புவோம். வீட்டில் சமைக்கும்போது பேச்சு வேறு மாதிரி ஆகிவிட்டது. குழம்பு கொஞ்சம் தீய்ந்துவிட்டால், "வண்டி நின்னு போச்சி, எறங்கித் தள்ளுடி" என்பார் அத்தை. மோகன் தறியிலிருந்து எட்டிப் பார்ப்பார், ஒன்றும் புரியாது.

கெடுத்தது நான்தான். அதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

சந்தவாசலில் என் தங்கை வீட்டில் காதுகுத்து. பெண்கள் கூட்டமாக உட்கார்ந்து மாமியார் குறை பேசிக்கொண்டிருந்தோம். என் முறை வந்தது. எனக்கு என் மாமியாரைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல வேண்டும்போல இருந்தது. தீவும், படகும், துடுப்பும், முறுக்கும், எல்லாவற்றையும் நடித்தே காட்டினேன். எல்லாரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். என் மாமனாரின் அண்ணன் ஏகாம்பரத்தின் மருமகளும் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தாள். நான் கவனிக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் பெரிய மாமா ஏகாம்பரம் வந்துவிட்டார். கூட உறவில் இரண்டு பெரியவர்கள். கெட்ட மனிதர் என்று அவரைச் சொல்ல மாட்டேன். மோகனின் அப்பா போன பிறகு தறி போட்டுக்கொடுத்தது அவர்தான். அந்த உரிமையில்தான் வந்திருந்தார். காப்பியைத் தொடவில்லை.

"புருசன் போனவ, ஊட்டுல மருமவ வந்தப்புறம், கொட்டாயில காதல் படம் பாத்துகினு விழுந்து விழுந்து சிரிக்கிறியாமே. கேக்கறவன் நம்பளப் பத்தி இன்னா நெனப்பான், பூங்காவனம்?"

மோகன் தறியை நிறுத்திவிட்டு வந்து நின்றார். அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. ஆனாலும் பேசினேன். அத்தை மேல் தப்பில்லை, நான்தான் துணைக்கு ஆள் இல்லை என்று வற்புறுத்திக் கூட்டிக்கொண்டு போனேன் என்றேன். சொன்னதும் எல்லாருக்கும் ஒரு நிம்மதி வந்ததை நான் பார்த்தேன். மருமகள் கெடுத்துவிட்டாள், அவ்வளவுதானே. முடித்துவிடலாம்.

அத்தை தலை நிமிர்ந்தார்.

"அவ பொய் சொல்றா மாமா. அவ இந்த ஊட்டுக்கு வர்றதுக்கு முன்னாலேர்ந்தே, மொத்தம் எட்டு வருசமா நான் போய்கினு கீறேன்."

பெரிய மாமா காப்பித் தம்ளரைத் தள்ளிவைத்தார். சரி, போனது போகட்டும், இனிமேல் போக மாட்டேன் என்று இவர்கள் முன்னால் ஒரு வார்த்தை சொல்லிவிடு, நாங்கள் எழுந்துகொள்கிறோம் என்றார்.

"போவாமக்கூட இருந்துடுவேன். போவ மாட்டேன்னு சொல்ல மாட்டேன்" என்றார் அத்தை.

அவர்கள் காப்பி குடிக்காமலே எழுந்துபோனார்கள்.

எட்டு வருடம்

மோகனுக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். வந்திருந்தால் சமாளித்திருக்கலாம். அவர் வருத்தப்பட்டார்.

"என்கிட்ட சொல்லியிருந்தா நான் வேணாம்னா சொல்லியிருப்பேன்?" என்று அம்மாவிடம் ஒரே ஒரு தரம் கேட்டார். கேட்டுவிட்டுப் போகிற இடமா அது என்றார் அத்தை. அத்தை படத்துக்குப் போனது மோகனை உறுத்தவில்லை. ஊருக்குப் பயந்து மறைத்த அம்மா, அந்த ஊரோடு சேர்த்து மகனையும் எண்ணிவிட்டாரே என்பதுதான். எட்டு வருடமாக, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கொண்டுவிடட்டுமா என்று அவர் கேட்டிருக்கிறார். வேண்டாம், நானே போய்க்கொள்கிறேன் என்று அத்தை சொல்லியிருக்கிறார். இதை இரவு சாப்பிடும்போது என்னிடம் சொன்னார், தட்டைப் பார்த்துக்கொண்டே.

நானும் அவரிடம் ஒரு வருடம் பொய் சொன்னவள்தான். எனக்கு ஆறுதல் சொல்ல யோக்கியதை இல்லை.

மறுநாள் சமையலறையில் அத்தையிடம் உண்மையைச் சொன்னேன். சந்தவாசலில் நான்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் எல்லாவற்றையும் உளறினேன் என்று. அத்தை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"அவன் தண்ணியில வியிந்தது சொன்னியா?"

"சொன்னேன் அத்தே."

"சிரிச்சாங்களா?"

"எல்லாரும் சிரிச்சாங்க."

"சரி, அந்தத் தண்டு தடியா கீது பாரு, அத்த எடுத்துப் போடு" என்றார்.

அதற்குப் பிறகு அத்தை படத்துக்குப் போகவில்லை. யாரும் தடுக்கவில்லை, அவராகவே போகவில்லை. நான் போஸ்டரைப் பார்த்துவந்து சொன்னாலும், ம் என்று கேட்டுக்கொள்வார். வீட்டில் மூன்று பேரும் மரியாதையாக நடந்துகொண்டோம். அதைப்போல பேஜாரான ஒன்று உண்டா தெரியவில்லை. சாதம் போடட்டுமா, போதும்மா, தண்ணி வேணுமா, இருக்கட்டும். குழம்பு தீய்ந்தால் தீய்ந்துவிட்டது, அவ்வளவுதான்.

ஆடி போய் ஆவணி வந்தது. முகூர்த்த மாதம், தெருவில் எல்லாத் தறியும் ஓடிக்கொண்டிருந்தது. அப்படி ஒரு சனிக்கிழமை மத்தியானம். நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தேன். மோகன் தறியில் இருந்தார். அத்தை நடுக்கூடத்தில் வந்து நின்றார். நல்ல புடவை கட்டியிருந்தார், தலையை வாரியிருந்தார்.

"சுமதி, படம் மாத்திக்கீறான். வரியா?"

எனக்குச் சொன்ன மாதிரி இல்லை. தெருக்கோடிக்குக் கேட்கும்படி சொன்னார். தறிச் சத்தம் நின்றது. நான் மோகன் பக்கம் பார்த்தேன். அவர் தறி நாடாவைக் கையில் பிடித்தபடி பாவு நூலையே பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை அவர் பக்கம் திரும்பவில்லை, ஆனால் நின்றார். ஏதாவது சொல்வாரா என்று கொஞ்ச நேரம் காத்திருந்தார். தறி மறுபடி ஓட ஆரம்பித்தது.

"ஜல்தியா வா. பேர் போடறதுக்குள்ளாரப் போவணும்" என்றார் அத்தை என்னிடம்.

அன்று பின்சந்து வழியாகப் போகவில்லை. முன்வாசல் வழியாக இறங்கி, தெரு நீளத்துக்கும் நடந்தோம். வெயில் சுள்ளென்று அடித்தது. தெருவில் பாவு நீட்டிக்கொண்டிருந்த பெண்கள் எங்கே கிளம்பிவிட்டீர்கள் என்று கேட்டார்கள். வழக்கமாகக் கேட்கிற கேள்விதான். "படத்துக்கு" என்றார் அத்தை. அடுத்த வீட்டிலும் கேட்டார்கள். "படத்துக்கு" என்றார். ஐந்தாறு தடவை சொல்லியிருப்பார். ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஒருவர் என்ன படம் என்று விசாரித்தார். மற்றவர்களுக்குக் கைவேலை இருந்தது. இவ்வளவு நாள் பயந்தது இதற்குத்தானா என்று எனக்கு இருந்தது. அத்தையின் கை மட்டும் என் முழங்கையை இறுக்கமாகப் பிடித்திருந்தது. கொட்டகைக்குள் போய் உட்கார்ந்த பிறகுதான் விட்டார்.

படம் சுமார்தான். ஒரு மலைரயிலில் இரண்டு பெட்டிகள் மாறிப்போகின்றன. அவளுடைய பெட்டி அவனிடம், அவனுடையது அவளிடம். நல்ல ஆரம்பம். ஆனால் அத்தை சிரிக்கவில்லை. திரையைப் பார்த்தபடி இருந்தார், அவ்வளவுதான். நானும் அவரையே பார்த்துக்கொண்டிருந்ததில் பாதிக் கதையை விட்டுவிட்டேன். இடைவேளையில் முறுக்கு வேண்டாம் என்றார். போய்விடலாமா என்று கேட்டேன். இரு, பார்க்கலாம் என்றார்.

மறுபடி விளக்கை அணைத்து, படம் ஓட ஆரம்பித்தது. யாரோ ஒருவர் இருட்டில் தடவிக்கொண்டே, மன்னிப்புக் கேட்டுக்கொண்டே எங்கள் வரிசைக்குள் வந்தார். அத்தைக்கு அந்தப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தார். சட்டையில் பட்டு இழைத் துணுக்கு ஒட்டியிருந்தது, திரை வெளிச்சத்தில் தெரிந்தது. மோகன்.

எங்கள் இருவரையும் அவர் பார்க்கவில்லை. நேராகத் திரையைப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்துக் குனிந்து, "யாரும்மா இவன்? ஏன் அந்தப் பொண்ணு பொட்டிய வெச்சிகினு ஓடறான்?" என்று கேட்டார்.

அத்தை அவர் பக்கம் சாய்ந்துகொண்டார். அப்புறம் ஆரம்பித்தார். இவன் யார், அவள் யார், ரயிலில் என்ன நடந்தது, டிக்கெட் பரிசோதகரை எப்படி ஏமாற்றினார்கள், சுரங்கத்துக்குள் ரயில் நின்றபோது இரண்டு பேரும் என்ன பேசிக்கொண்டார்கள். நான் விட்டுவிட்ட எல்லாம் அதில் இருந்தது. மோகன் ஒவ்வொன்றுக்கும் அப்படியா, அப்புறம் என்று கேட்டுக்கொண்டிருந்தார். அத்தையின் குரல் ஏறிக்கொண்டே போயிற்று. திரையில் நடக்கிறதை நாங்கள் மூன்று பேரும் பார்க்கவே இல்லை.

முன்வரிசைக்காரர் திரும்பினார். "அம்மா, கொஞ்சம் மெதுவாப் பேசுங்க" என்றார்.

"கோச்சிக்காதப்பா" என்றார் அத்தை. "எம் புள்ள இப்பத்தான் வந்தான். மொதல் பாதி அவனுக்குத் தெரியாது."